போர்ட்போலியோ வெப்சைட் செய்யோணும், கையில காசில்லை, காட்டவும் பெரிசா ஒண்டுமில்லை. ஆராவது வழி சொல்லுங்கோ

குளக்கட்டுக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல்நகரில இஞ்சினியரிங் படிக்கிறன், ட்ரெய்னிங்குக்கு இடம் தேடுற காலம் வந்திட்டுது. கொழும்புக் கொம்பனியள் ரெண்டு மூண்டு அப்ளிக்கேசன் போமில போர்ட்போலியோ (நாங்கள் செய்த வேலையளைக் காட்டுற வெப்சைட்) லிங்க் எண்டு ஒரு கட்டம் வைச்சிருக்கிறாங்கள். அந்தக் கட்டத்தில என்னத்தைப் போடுறது எண்டு தெரியாமல் மூண்டு நாளா அந்தப் போமைத் திறக்கிறதும் மூடுறதுமா இருக்கிறன்.

டவுணில ஒரு கடையில கேட்டனான், டொமைனோட (சைட்டுக்குச் சொந்த விலாசப் பேர்) சேர்த்து 25,000 ரூபா எண்டாங்கள். அவ்வளவு காசுக்கு எங்க போறது. வீட்டை போனால் (ஒட்டுசுட்டான் பக்கம்) சிக்னல் கிணத்தடியில மட்டும்தான், லப்டொப் அண்ணையின்ர பழசு, பற்றரி இருபது நிமிசம் நிக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை என்னெண்டால் காட்டுறதுக்கு எனக்கு ஒண்டுமில்லை. குறூப் புரொஜெக்ட் ஒண்டு செய்தனாங்கள், அதுவும் பாதியில பிழைச்சுப் போச்சு. யூடியூப்பில பாத்தால் எல்லாரும் கறுப்புப் பின்னணியில எழுத்து ஓடி ஓடி வாற மாதிரி வைச்சிருக்கிறாங்கள். அப்பிடி ஒரு டெம்ப்ளேட் ஆரும் வைச்சிருந்தால் தாங்கோ, பேரை மட்டும் மாத்திப் போடுறன்.

சும்மா_பாக்கிறன்
தம்பி உதெல்லாம் ஆரும் திறந்து பாக்கிறேல்ல. சீவியையே பத்து செக்கன்தான் பாக்கிறாங்கள். மினக்கெடாமல் லிங்க்ட்இன் லிங்கைப் போட்டிட்டுப் போய்ப் படி.

முறிகண்டிக்கச்சான்
25 ஆயிரத்தை வீட்டிலயே வைச்சிரு தம்பி. ஒரு சதமும் தேவையில்லை.

கிட்ஹப்பில (கோட் பைலுகளை நெட்டில வைச்சிருக்கிற சைட்) ஒரு அக்கவுன்ட் திற. யூசர்நேமை யோசிச்சு வை, கிறேசி பாய் மச்சான் எண்டெல்லாம் வைச்சிட்டுப் பேந்து அழாத, அந்தப் பேர்தான் உன்ர வெப்சைட் விலாசமா வரப்போகுது. பிறகு புது ரெப்போ (பைலுகளைப் போட்டு வைக்கிற போல்டர் மாதிரி) ஒண்டு திறந்து, அதுக்குப் பேர் வைக்கேக்க உன்ர யூசர்நேமைப் போட்டு டொட் கிட்ஹப் டொட் ஐஓ எண்டு அச்சொட்டா அப்பிடியே வைக்கோணும், ஒரு எழுத்து மாறினாலும் வேற விலாசத்தில போய் நிக்கும். அதுக்குள்ள இன்டெக்ஸ் டொட் எச்டிஎம்எல் எண்டு ஒரு பைல், முழுக்கச் சின்ன எழுத்தில. செட்டிங்ஸுக்குள்ள பேஜஸ் எண்டு, ரெப்போவை வெப்சைட்டாக் காட்டுற வசதி ஒண்டு இருக்கும், அங்க மெயின் பிராஞ்சைத் தெரிஞ்சு சேவ் பண்ணு. உடன வராது, சிலவேளை பத்து நிமிசம் எடுக்கும், வரேல்லையெண்டு அடிச்சு உடைக்காத, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பார். இவ்வளவுதான்.

பேஜஸ் வந்தது 2008இல, இண்டைக்கும் இலவசம்தான். ஒரு சைட்டுக்கு 1 ஜிபி வரைக்கும் வைக்கலாம், எங்கட போர்ட்போலியோ ஒண்டுக்கு 10 எம்பியே கூட. இலவச அக்கவுன்டில ரெப்போ பப்ளிக்கா இருக்கோணும், அதை மட்டும் ஞாபகம் வை. பப்ளிக் எண்டால் உலகமே பாக்கும். நான் ஒருக்கா டேட்டாபேஸ் பாஸ்வேர்டோட பைலைத் தூக்கிப் போட்டிட்டு, அடுத்தநாள் அழிச்சிட்டன் எண்டு நிம்மதியா இருந்தனான். அழிச்சாலும் பழைய கமிட்டுக்குள்ள (ஒவ்வொருக்கா சேவ் பண்ணேக்கயும் பதிஞ்சு வைக்கிற பிரதி) அது அப்பிடியே கிடக்கும் எண்டு பிறகுதான் விளங்கிச்சுது. அப்பிடி நடந்தால் முதல் வேலை பாஸ்வேர்டை மாத்துறதுதான்.

லப்டொப் இல்லாட்டிலும் பரவாயில்லை, போன் பிரவுசரிலயே கிட்ஹப்புக்குள்ள போய்ப் பைலை எடிட் பண்ணிச் சேவ் பண்ணலாம். கண் கொஞ்சம் வலிக்கும். நான் முதலாவது சைட் செய்தது அப்பிடித்தான், ஏ9இல பஸ்ஸுக்குள்ள இருந்துகொண்டு.

கொழும்புக்குப்போனவள்
சும்மா_பாக்கிறன் அண்ணை சொல்லுறது அரைவாசி உண்மை. நான் மல்லாவி, இப்ப கொழும்பில ஒரு சொப்ட்வெயார் கொம்பனியில கியூஏ (சொப்ட்வெயாரைச் சோதிச்சுப் பாக்கிற வேலை). இன்டர்ன் எடுக்கேக்க எங்கட டீமிலயும் சீவியள் தருவினம், பாத்துச் சொல்லச் சொல்லி. 100 சீவி வந்தால் 100 லிங்கையும் ஆரும் திறக்க மாட்டினம், அது சரி. ஆனால் கடைசியா ஒரு பத்துப் பேரைத் தெரிஞ்ச பிறகு இன்டர்வியூவுக்கு முதல்நாள் கட்டாயம் திறப்பம். அதுவும் போனில. வட்ஸ்அப்பில லிங்க் வரும், சாப்பிட்டுக்கொண்டே திறந்து பாப்பம். ஆகவே தம்பி முதல் உன்ர சைட்டைப் போனில திறந்து பார். வியூபோர்ட் டக் எண்டு ஒரு வரி இருக்கு, அது இல்லாட்டி எழுத்து எறும்பு மாதிரித்தான் தெரியும்.

உந்த ஓடி வாற எழுத்து, சுத்துற வட்டம் எல்லாம் எங்களுக்குப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. ஒரே டெம்ப்ளேட்டில நாலு பிள்ளையள், அதில ஒராள் முதல் வைச்சிருந்தவரின்ர பேரைக் கீழ மாத்த மறந்திட்டார்!! பிறகு உந்த ஸ்கில் பார், ஜாவா 85 வீதம், பைதன் 90 வீதம். ஆர் அளந்தது? மிச்சம் 15 வீதம் என்ன எண்டு கேட்டால் முழிக்கிறது. அபௌட் மீ எண்ட இடத்தில எல்லாரும் பேஷனேட் டெவலப்பர். சாட்ஜிபிடி எழுதித் தந்தது எண்டு முதல் வரியிலயே தெரியும். அதைவிட "நான் ஒட்டுசுட்டான், எங்கட ஊர்க் குளத்துக்கு நீர்மட்டம் பாக்க ஒரு சாமான் செய்தனான்" எண்டால் நான் நிண்டு வாசிப்பன். நீ என்ன புரொஜெக்ட் செய்தனீ எண்டு இன்னும் சொல்லேல்லயே, பேரைப் பாத்துச் சும்மா குத்துமதிப்பாச் சொல்லுறன்.

குளக்கட்டுக்காரன்
அக்கா நீங்கள் என்ன சாத்திரம் பாக்கிறனீங்களோ 😅 உண்மையாவே அதுதான் செய்தனாங்கள்.

நாலு பேர் சேர்ந்து, அல்ட்ராசொனிக் சென்சர் ஒண்டை (அந்த 400 ரூபாச் சாமான், ரெண்டு கண் மாதிரி இருக்கும்) துருசுக்கு (குளத்துத் தண்ணி திறந்து விடுற மதகு) பக்கத்தில கம்பத்தில கட்டி, தண்ணி எவ்வளவு உயரம் எண்டு அளந்து, கமக்கார அமைப்புத் தலைவருக்கு எஸ்எம்எஸ் போற மாதிரி. மாரியில வான் பாயுறதுக்கு முதல் தெரியோணும் எண்டுதான் யோசிச்சது. முதல் கிழமை திறமா வேலை செய்தது. பிறகு குளத்தில தண்ணி நிரம்பி வழியுது எண்டு எஸ்எம்எஸ் போகுது, ஐயா விழுந்தடிச்சுப் போய்ப் பாத்தால் குளம் அரைவாசிதான். என்னெண்டு பாத்தால் சென்சருக்கு முன்னால குளவி கூடு கட்டிட்டுது. அது கூட்டைத் தண்ணியெண்டு நினைச்சு அளந்திருக்கு. அதோட மார்க்ஸும் குறைஞ்சு போச்சு. உதைப் போய் என்னெண்டு போடுறது, வெக்கமாக் கிடக்கு.

லான்ட்மாஸ்டர்
குளவிக்கூடு 😂😂😂 டேய் இது முதல் பக்கத்தில போடவேண்டிய சாமான்டா

கொழும்புக்குப்போனவள்
தம்பி உனக்கு விளங்கேல்ல. அந்தக் குளவிதான் உன்ர போர்ட்போலியோ. சரியா வேலை செய்த புரொஜெக்ட் எல்லாரும் வைச்சிருக்கினம், அதில பாதி ஆரிட்டயோ காசு குடுத்துச் செய்தது. ஏன் பிழைச்சது, எப்பிடிக் கண்டுபிடிச்சனீ, பிறகு என்ன செய்தனீ எண்டு எழுது. பிறகு ஒண்டும் செய்யேல்லயெண்டால் இந்த லீவில போய் ஒண்டு செய். வலை அடிச்சியோ, பிவிசி குழாய்க்குள்ள வைச்சியோ, போன தரத்தைவிட ரெண்டு மடங்கு கூடக் காட்டினால் அந்த ரீடிங்கைத் தூக்கியெறி எண்டு கோட்டில ஒரு வரி போட்டியோ, ஏதோ ஒண்டு. இன்டர்வியூவில அரை மணித்தியாலம் உதையே கேப்பினம், உனக்குத் தெரிஞ்ச விசயம், பயமில்லாமல் கதைக்கலாம்.

இன்னொண்டு, நாலு பேர் செய்தது எண்டால் நாலு பேர் எண்டு எழுது, உன்ர பங்கு எது எண்டும் எழுது. எஸ்எம்எஸ் பகுதி உன்னுடையதோ, கம்பம் கட்டினது உன்னுடையதோ. ஒரே புரொஜெக்டை மூண்டு பேர் "நான் தனியச் செய்தது" எண்டு அனுப்பி, மூண்டு சீவியும் ஒரே மேசையில இருந்ததை நான் கண்ணால கண்டனான்.

முறிகண்டிக்கச்சான்
அந்த 400 ரூபாச் சென்சர் 2 சென்ரிமீற்றரில இருந்து 4 மீற்றர் வரைக்கும்தான் அளக்கும் எண்டு அதின்ர பேப்பரில கிடக்கும். கோடையில குளம் வத்தி தண்ணி அதுக்குக் கீழ போனால் என்ன செய்யும் எண்டதையும் பார்த்து எழுது. உனக்குத் தெரியாட்டி கட்டாயம் கேப்பாங்கள்.

நெல்லுமணி
எல்லாரும் கோட் கோட் எண்டே கதைக்கிறீங்கள். நான் விவசாய பீடம். எங்களுக்கு உது சரிவருமோ? கிட்ஹப் எண்டால் என்ன எண்டே போன மாசம்தான் கேள்விப்பட்டன். எங்கட வேலை வயலுக்குள்ள. At 362, Bg 300 எண்ட ரெண்டு நெல்லினத்தையும் பக்கத்தில பக்கத்தில விதைச்சு, காலபோகத்தில கிழமைக்கு ஒருக்கா மட்டம் (நெல்லு அடியில வெடிக்கிற கிளை) எண்ணி உயரம் அளந்து எல்லாம் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். போனில 600 படம் இருக்கு. உதை என்னெண்டு வெப்சைட் ஆக்குறது?

பம்பைமடு_பெடியன்
ஏன் சரிவராது. எங்கட வவுனியா யூனியில (இப்ப தனி யூனி எண்டு பெருமையாச் சொல்லலாம், 2021 ஓகஸ்டில இருந்து) பிஸ்னஸ் படிக்கிற பெட்டையள்கூட கூகிள் சைட்ஸில செய்து வைச்சிருக்கினம். கோட் ஒண்டும் தேவையில்லை, இழுத்து இழுத்து விடுறதுதான், பின்னேரம் இருந்தால் இரவுக்குள்ள முடியும். வேர்ட்பிரஸ் டொட் கொம்மும் இலவசம் இருக்கு, ஆனால் அதில அவங்கட விளம்பரம் வரும், உங்கட நெல்லுக்குப் பக்கத்தில ஏதும் கண்றாவி வந்து நிக்கும்.

600 படத்தையும் போட்டிடாதீங்கோ அக்கா. ஆறு காணும். விதைச்ச நாள், ஒரு மாசம், பூக்கிற நேரம், அறுவடை, நீங்கள் அளந்துகொண்டு நிக்கிற ஒண்டு, அந்தக் கொப்பியின்ர ஒரு பக்கம். கொப்பிப் பக்கத்தைக் கட்டாயம் போடுங்கோ, சேறு பட்ட கொப்பியை ஆரும் பொய்யெண்டு சொல்லேலாது. அளந்த கணக்கை எக்செலில போட்டு ஒரு கிராப்.

படம் போட முதல் சின்னனாக்குங்கோ. போனில எடுக்கிற படம் ஒண்டு 4, 5 எம்பி வரும். ஆறைப் போட்டால் 30 எம்பி, டேட்டா முடியிற நேரத்தில ஆர் அதைத் திறக்கிறது. ஸ்குஷ் எண்டு கூகிளின்ர ஒண்டு பிரவுசரிலயே வேலை செய்யும், அகலத்தை 1200க்குக் குறைச்சு வெப்பி எண்ட வகையில சேவ் பண்ணினால் 200 கேபிக்குக் கீழ வந்திடும், கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது.

நெல்லுமணி
நன்றி தம்பி. இன்னொரு சந்தேகம். ஒரு பக்கம் தமிழிலயும் வேணும் எனக்கு, வயல் தந்த ஐயா வாசிக்கோணும். ஏற்கெனவே தமிழில ஒரு குறிப்பு டைப் பண்ணி வைச்சிருந்தனான், அதைக் கொப்பி பண்ணிப் போட்டால் சைட்டில "tzf;fk;" மாதிரி ஏதோ இங்கிலீசுக் கிறுக்கல் வருது. வைரசோ??

முறிகண்டிக்கச்சான்
வைரசில்லைத் தங்கச்சி, பாமினி! 😂 எங்கட அச்சகக்காரர் எல்லாரையும் பிடிச்சு வைச்சிருக்கிற வியாதி. பாமினியில நீங்கள் டைப் பண்ணுறது உண்மையில இங்கிலீஸ் எழுத்துத்தான், அந்தப் பொண்ட் அதுக்கு மேல தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும். பொண்ட் இல்லாத போனில சட்டை கழண்டிடும். நீங்கள் போட்டிருக்கிற கிறுக்கல் "வணக்கம்" எண்டது, எனக்கு இப்ப பாமினி நேராவே வாசிக்க வரும், அவ்வளவு பட்டிட்டன். பாமினியை யூனிகோட்டுக்கு (எல்லாப் போனிலயும் தமிழாவே தெரியிற முறை) மாத்துற கன்வேட்டர் நெட்டில நிறைய இருக்கு, ஒட்டி எடுத்தால் சரி. மாத்தின பிறகு ஒருக்கா வடிவா வாசிச்சுப் பாருங்கோ, நம்பரும் புள்ளியும் கொமாவும் சிலவேளை இடம் மாறி நிக்கும்.

அதோட எச்டிஎம்எல்லில தலைப்பகுதியில கரக்டர் செட் யூடிஎப்-8 எண்ட வரி இருக்கோணும். பொண்ட் வேணுமெண்டால் கூகிள் பொன்ட்ஸில நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் சும்மாவே கிடக்கு.

கொழும்புக்குப்போனவள்
நெல்லுமணி, அது உங்கட ரிசேர்ச் எண்டால் சுப்பவைசரிட்ட ஒருக்கா கேட்டிட்டுக் கணக்கைப் போடுங்கோ, பேப்பர் எழுத இருப்பினம், முதலே வெளியில வந்தால் கரைச்சல். வயல்காரரின்ர முகம் தெரியிற படம் எண்டால் அவரிட்டயும் கேளுங்கோ. இன்டர்ன்ஷிப் செய்த ஆக்களுக்கும் உதுதான், கொம்பனியின்ர ஸ்கிரீன்ஷொட் போடக்கூடாது, கஸ்டமர் பேர் தெரிஞ்சால் முடிஞ்சுது கதை. படம் இல்லாமல் என்ன வேலை செய்தனீங்கள் எண்டு மட்டும் எழுதலாம்.

இதில ஒரு முக்கியமான விசயம், பெட்டையள் வடிவா வாசியுங்கோ. எங்கட சீவியில அடையாள அட்டை நம்பர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், சமயம், கலியாணம் கட்டினதோ இல்லையோ எண்டு சாதகம் தவிர எல்லாம் இருக்கும். அந்தப் பிடிஎப்பை அப்பிடியே சைட்டில டவுன்லோட் பட்டன் வைச்சுப் போடாதீங்கோ. சீவி ஒராளுக்கு அனுப்புறது, சைட் ஊருக்கே திறந்து கிடக்கிறது. கடைசியில ரெண்டு ரெபரி எண்டு சேரின்ர போன் நம்பரும் இருக்கும், அவரிட்டக் கேக்காமல் அதை உலகத்துக்குக் குடுத்தால் அடுத்தமுறை கையெழுத்து வைப்பாரோ? சைட்டுக்கெண்டு வேற ஒரு பிடிஎப் செய்யுங்கோ. பேர், ஊர் (கிளிநொச்சி எண்டால் காணும், ஒழுங்கை நம்பர் தேவையில்லை), ஈமெயில், படிப்பு, வேலை. போன் நம்பர் வேண்டாம்.

லான்ட்மாஸ்டர்
அக்கா போன் நம்பர் விசயத்தில நான் ஒத்துவர மாட்டன். நான் அறிவியல்நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில ஒட்டோமொபைல் படிச்சனான். என்ர சைட்டில கோட் ஒண்டுமில்லை, லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) எஞ்சின் ஒண்டைக் கழட்டிப் பூட்டின 14 படம், ஒவ்வொண்டுக்கும் கீழ என்ன பிழை, என்ன மாத்தினது, எவ்வளவு நேரம் எண்டு ரெண்டு வரி. பிஸ்டன் றிங் தேஞ்சது புதுசோட பக்கத்தில வைச்சு எடுத்த படம்தான் எல்லாரும் பாக்கிறது. எனக்கு வேலை தரப்போற ஆக்கள் ஈமெயில் பாக்கிற ஆக்களில்லை. ஆகவே ரெண்டாவது சிம் ஒண்டு எடுத்து அதுக்கு வட்ஸ்அப் போட்டு அந்த லிங்கை மட்டும் வைச்சிருக்கிறன்.

கொழும்புக்குப்போனவள்
சரி உனக்கு அது பொருத்தம்தான். பெட்டையள் அதைச் செய்யாதீங்கோ, இரவு பதினொரு மணிக்கு ஹாய் எண்டு வரும்.

சும்மா_பாக்கிறன்
டொமைன் இல்லாமல் கிட்ஹப் டொட் ஐஓ எண்டு இருந்தால் கேவலமா இருக்காதோ. காசு குடுத்தாலும் சொந்தப் பேரில டொட் கொம் எடுக்கிறதுதான் மரியாதை.

முறிகண்டிக்கச்சான்
என்ன மரியாதை அண்ணை. ஐரிக்காரருக்கு கிட்ஹப் டொட் ஐஓ எண்டால் ஒரு குறையுமில்லை. வேணுமெண்டால் கம்பஸ் பிள்ளையளுக்கு கிட்ஹப் ஸ்டூடன்ட் பக் எண்டு ஒண்டு இருக்கு, கம்பஸ் ஈமெயிலையோ ஐடி கார்டையோ காட்டினால் தருவாங்கள். அதுக்குள்ள நேம்சீப்பின்ர டொட் மீ டொமைன் ஒரு வருசம் இலவசம். ஆனால் வடிவாக் கேள் தம்பி, ஒரு வருசம்தான். ரெண்டாம் வருசம் டொலரில கட்டோணும், கார்ட் வேணும். என்னோட படிச்ச ஒருத்தன் கட்டாமல் விட்டிட்டான், அவன்ர பேரில இருந்த டொமைனை வேற ஆரோ எடுத்து இப்ப அதில சூதாட்டச் சைட் ஓடுது. அவன்ர பழைய சீவி எல்லாத்திலயும் அந்த லிங்க்!! மாமனார் வீட்டுக்காரர் கிளிக் பண்ணிப் பாத்த கதை தனிக்கதை. கட்டுறதுக்கு வழி இருந்தால் எடு, இல்லாட்டி வேண்டாம்.

கிட்ஹப் அக்கவுன்டுக்கு முதல் ஈமெயிலா உன்ர சொந்த ஜிமெயிலைக் குடு, கம்பஸ் ஈமெயிலைப் பிறகு ரெண்டாவதாச் சேர். படிச்சு முடிஞ்சு கம்பஸ் ஈமெயிலை மூடினால் பாஸ்வேர்ட் மறந்த அண்டைக்கு உள்ள போகேலாது.

*(ஒன்பது நாளுக்குப் பிறகு)*

குளக்கட்டுக்காரன்
அண்ணை, அக்கா, சைட் வந்திட்டுது!! டெம்ப்ளேட் ஒண்டும் எடுக்கேல்ல, வெள்ளைப் பின்னணி, ஒரே பக்கம். மூண்டு விசயம் போட்டிருக்கிறன். குளத்துச் சென்சர், அம்மம்மாவின்ர கடைக் கடன்கொப்பியை எக்செலில ஏத்தினது, ரெண்டாம் வருசத்தில செய்த பாலம் மொடல். கிணத்தடியில கதிரை போட்டு இருந்துதான் அவ்வளவும் ஏத்தினது, அம்மா பேய் பிடிச்சிட்டுதோ எண்டு கேட்டவ. லீவில போய்ச் சென்சருக்கு நுளம்பு வலை அடிச்சு, பிழையான ரீடிங்கைத் தள்ளுற வரியும் போட்டாச்சு. ஆறு நாளா எஸ்எம்எஸ் சரியாப் போகுது, தலைவர் ஐயாவே சொன்னவர்.

ஆனால் ஒரு கோதாரி. குளவிக்கூட்டுப் படம் லப்டொப்பில வடிவா வருது, நெட்டில ஏத்தினால் வருகுதில்லை. உடைஞ்ச சதுரம்தான் நிக்குது. மற்றப் படம் எல்லாம் வருது. முழு இரவும் பாத்திட்டன், ஒண்டும் விளங்கேல்ல.

பம்பைமடு_பெடியன்
படத்தின்ர பேர் என்ன?

குளக்கட்டுக்காரன்
கோட்டில குளவி டொட் ஜேபிஜி எண்டு இங்கிலீசில சின்ன எழுத்தில போட்டிருக்கிறன். பைலும் அதேதான்... பொறு... பைலில ஜேபிஜி பெரிய எழுத்தில கிடக்கு 🤦

பம்பைமடு_பெடியன்
அதுதான் மச்சான். வின்டோஸ் பெரிசு சின்னன் பாக்காது, அங்க இருக்கிற சேர்வர் பாக்கும். எல்லாப் பைலுக்கும் சின்ன எழுத்து, நடுவில ஸ்பேஸ் விடாத. எல்லாரும் ஒருக்காவெண்டாலும் இதில ஒரு இரவு துலைச்சிருப்பினம்.

குளக்கட்டுக்காரன்
வந்திட்டுது!!! போமையும் நிரப்பி அனுப்பிட்டன்.

கொழும்புக்குப்போனவள்
இப்ப போனில பாத்தன். நல்லாக் கிடக்கு. பாலம் மொடலைத் தூக்கு, அதில நீ ஒண்டுமே சொல்லேல்ல, ரெண்டு இருந்தால் காணும். அம்மம்மாவின்ர கடன்கொப்பி திறம், ஆனால் கடன்காரரின்ர பேரெல்லாம் ஸ்கிரீன்ஷொட்டில தெரியுதடா, உடன எடு!! ஊரில சண்டை வரப்போகுது.

குளக்கட்டுக்காரன்
ஐயோ. எடுத்திட்டன் எடுத்திட்டன்.

முறிகண்டிக்கச்சான்
இப்பத்தானே சொன்னனான், பழைய கமிட்டுக்குள்ள கிடக்கும் எண்டு 😂 உள்ள இருக்கிறது ஒரு கிழமை வேலைதான், ரெப்போவை முழுக்க அழிச்சுப்போட்டுத் திரும்பத் திற. பழைய கமிட் துலைஞ்சாலும் பெரிய நட்டமொண்டுமில்லை.

நெல்லுமணி
என்ரயும் அரைவாசி முடிஞ்சுது. சுப்பவைசர் ஓம் எண்டிட்டார், விளைச்சல் கணக்கை மட்டும் இப்ப போட வேண்டாமாம். தமிழ்ப் பக்கத்தை வயல் ஐயாவுக்குப் போனில காட்டினனான், கண்ணாடி போட்டு முழுக்க வாசிச்சிட்டு, பசளை போட்ட தேதி ஒண்டு பிழை எண்டார். கொப்பியைப் பாத்தால் அவர் சொன்னதுதான் சரி.

லான்ட்மாஸ்டர்
என்ர பக்கத்தில இருந்து ஒரு நியூஸ். போன வெள்ளி வட்ஸ்அப்பில விசுவமடுவில இருந்து ஒராள் வொய்ஸ் போட்டிருக்கிறார், "தம்பி உந்த மிசின் கழட்டின ஆள் நீர்தானோ, என்ரயும் உப்பிடித்தான் கறுப்பாப் புகைக்குது" எண்டு. ஆரோ அவருக்கு லிங்கை போர்வேர்ட் பண்ணியிருக்கினம்.

சும்மா_பாக்கிறன்
போனனீயோ?

லான்ட்மாஸ்டர்
போனனான் அண்ணை. ஞாயிறு முழுக்க அங்கதான். படமும் எடுத்திருக்கிறன், இண்டைக்கு இரவு ஏத்துவன்.